ஏன் சீஸ் ஆச்சு?
(ஒரு பழைய லாம்ப்ரெட்டாவிடம் படித்த பாடம்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் பேரவைச் செயலாளர் வகுப்புக்கு வந்தபோது, "கவிதை மட்டும் வேணாம்ப்பா, நட்பைப் பத்தி மட்டுமே முப்பது கவிதை வந்திருக்கு" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். எனக்குக் கவிதை வராது. எனவே எங்கள் பேட்ச் ப்ராஜெக்டாகச் செய்த ஸ்கூட்டரைப் பற்றி எழுதுகிறேன். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் எழுதாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. அது என் தப்பு சம்பந்தப்பட்டது. அடுத்த வருடம் வரும் தம்பிகள் யாராவது டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் கை வைத்தால் அதே தப்பைச் செய்யாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. லாம்ப்ரெட்டா இத்தாலி நாட்டு ஸ்கூட்டர். மிலான் நகரத்தில் இன்னொசென்டி கம்பெனி 1947-ல் முதல் மாடலை வெளியிட்டது. அதற்கு முந்தின வருடம், 1946-ல், பியாஜியோ கம்பெனியின் வெஸ்பா வந்துவிட்டது. நம் வீட்டுப் பெரியவர்கள் ஓட்டிய பஜாஜ் 150-ம் சேத்தக்கும் வெஸ்பா வழி. வெஸ்பாவில் தகட்டு உடம்பேதான் சேசிஸ், எஞ்சின் வலது பக்கம் தொங்கும். லாம்ப்ரெட்டாவில் தடித்த குழாய்தான் முதுகெலும்பு. தகடெல்லாம் அதன்மேல் போட்ட சட்டை மாதிரி, போல்ட்டைக் கழற்றினால் தனியாக வந்துவிடும். எஞ்சின் நடுவில் படுத்திருக்கும். அதனால்தான் பழைய ஆட்கள் "லாம்பி சாயாதுடா" என்பார்கள்.

இந்தியாவில் பம்பாயின் ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, சுருக்கமாக ஏ.பி.ஐ., 1950-களிலிருந்து லாம்ப்ரெட்டாவைச் செய்தது. இத்தாலியில் 1961-லேயே நிறுத்திவிட்ட இரண்டாவது சீரிஸ் எல்.ஐ. 150 மாடல், இங்கே அதற்குப் பிறகும் பல வருடம் வந்துகொண்டிருந்தது. இன்னொசென்டி ஸ்கூட்டர் தயாரிப்பையே 1971-ல் மூடிவிட்டது. அதன் மெஷின்களை நம் மத்திய அரசு வாங்கி, 1972-ல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா ஆரம்பித்தது. விஜய் சூப்பர் அங்கிருந்து வந்த வண்டிதான். 1997-ல் அங்கும் ஸ்கூட்டர் நின்றுபோனது. ஆக, இன்றைக்கு லாம்ப்ரெட்டா என்றால் காயலான் கடைக்குப் போகாமல் தப்பித்ததுதான் மிச்சம்.

எங்களிடம் வந்தது அப்படித் தப்பித்த ஒரு ஏ.பி.ஐ. லாம்ப்ரெட்டா, 1968-ம் வருடப் பதிவு. 148 சி.சி., போர் 57 மி.மீ., ஸ்ட்ரோக் 58 மி.மீ., நாலு கியர், 10 இன்ச் சக்கரம்.

வண்டி எங்கள் ஊர் டீச்சரம்மாவுடையது. அவர் கணவர் எங்கள் ஊர் தொடக்கப் பள்ளியில் ஹெட்மாஸ்டராக இருந்தவர். 1999-ல் அவர் காலமான பிறகு வண்டி மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டது. எங்கம்மா அந்த வீட்டில் பத்து வருடமாக வேலை செய்கிறது. அப்பா ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டின முதல் ஆள் நான்தான். பாலிடெக்னிக் அப்ளிகேஷனை நிரப்பிக் கொடுத்ததும் டீச்சரம்மாதான், முதல் வருட வெர்னியர், டிராஃப்டர் வாங்கக் காசு கொடுத்ததும் அவர்தான். அவர் மகன் வெளியூரிலிருந்து வந்து, காயலான் கடைக்காரரிடம் 3,000 ரூபாய்க்கு விலை பேசிவிட்டார். எடுத்துப் போக வரும் அன்று அம்மா என்னிடம் வந்து, "டீச்சரம்மா காலையிலேர்ந்து கொட்டகையிலயே நிக்கிறாங்கடா, நீ படிக்கிற படிப்புல இதுக்கு ஒண்ணும் வழியில்லையா?" என்று கேட்டது. நான் போய், "எங்க ப்ராஜெக்டுக்குக் குடுங்க டீச்சரம்மா, ஓட வெச்சுத் தரேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

டீச்சரம்மா பென்ஷன் பணத்தில் 8,000 ரூபாய் எண்ணிக் கொடுத்து, ஒரு நாற்பது பக்க நோட்டும் கொடுத்தார். "கணக்கு எழுதிக்கிட்டே வா தம்பி. எட்டணா ஆனாலும் எழுது" என்றார். கணக்கு டீச்சர் அல்லவா! குட்டி யானையில் ஏற்றி நம் ஆட்டோமொபைல் லேபுக்குக் கொண்டுவந்தோம். நோட்டில் முதல் வரி அந்த வாடகை, 700 ரூபாய்.

கழற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் போனில் படம் எடுத்தோம். போல்ட்டு நட்டுகளை அந்தந்த இடத்தின் பெயர் எழுதிய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டோம். ஆனால் மூன்று விஷயத்தில் உயிரும் உடம்பும் சம்பந்தப்பட்டிருப்பதால் நிறுத்திச் சொல்கிறேன்.

ஸ்கூட்டர் சக்கரத்தின் ரிம் இரண்டு பாதியாக இருக்கும். நாலு நட்டு ரிம்மை ஹப்போடு பிடிக்கும், வேறு நாலு நட்டு இரண்டு பாதியையும் ஒன்றோடு ஒன்று பிடிக்கும். டயரில் காற்று இருக்கும்போது தெரியாமல் இரண்டாவது வகை நட்டைக் கழற்றினால், ரிம் வெடித்து முகத்துக்கே வரும். முதலில் வால்வு பின்னைக் கழற்றி முழுசாகக் காற்றை இறக்கிவிட்டு, அப்புறம்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும். அடுத்தது, பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. டிரம்மைத் திறந்ததும் காற்றடித்து ஊதுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டிப் போடவும். மூன்றாவது, அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளை உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும்.

இனி எஞ்சின்.

கிக்கரை மிதித்தால் அசையவே இல்லை. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. ஹெட்டைக் கழற்றி, டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி நாலு நாள் விட்டோம். ஐந்தாம் நாள் கட்டையை வைத்து மெதுவாகத் தட்டினோம், இறங்கியது. வெளியே எடுத்துப் பார்த்தால் பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் நெடுக உரிந்து, அலுமினியம் சிலிண்டரில் அப்பியிருந்தது. மற்ற பக்கம் ஓரளவு சுத்தம். அதைப் போனில் படம் எடுத்தேன். படம் எடுத்தேனே தவிர, யோசிக்கவில்லை.

சிலிண்டரை போர் கேஜால் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசையில் அளந்தோம். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் டேப்பர், இரண்டு திசைக்கும் உள்ள வித்தியாசம் ஓவாலிட்டி. மெட்ராலஜி பேப்பரில் இரண்டு மார்க்குக்கு எழுதியதைக் கையால் செய்து பார்ப்பது தனி சந்தோஷம்தான். ஏற்கனவே ஒரு தரம் போர் போட்ட சிலிண்டர் அது. கீறலையும் சேர்த்துப் பார்த்தால் 57.4 போட்டால்தான் சுத்தமாகும் என்று வந்தது.

பிஸ்டன் வாங்க ஒரு சனிக்கிழமை எழும்பூருக்கு ரயில் ஏறி, புதுப்பேட்டைக்குப் போனேன். நண்பர்களே, மெக்கானிக்கல் படிக்கிறவன் ஒரு தடவையாவது புதுப்பேட்டையைப் பார்க்க வேண்டும். தெரு முழுக்க எஞ்சினும் கியர்பாக்ஸும் கதவும் குவிந்து கிடக்கும். நாலு கடை ஏறி இறங்கி, 57.4 பிஸ்டன் செட் ரிங், பின்னோடு 1,650 ரூபாய்க்குக் கிடைத்தது. கடைக்கார பாய் வயதானவர். பிஸ்டனைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "மேக்னட் சைடு ஆயில் சீல் போட்டியா தம்பி? எண்பது ரூபாதான்" என்று கேட்டார். நான், "கிராங்க் பக்கம் நாங்க கை வைக்கலை பாய், அது நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை.

அந்த எண்பது ரூபாயை மிச்சம் பிடித்ததில் எனக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது. டீச்சரம்மா பணமாச்சே, சிக்கனமாக இருக்கிறோம் என்று!

போர் போட 500 ரூபாய். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் 0.10 மி.மீ. இடைவெளி வைக்கச் சொல்லி வாங்கி வந்தோம். ரிங்கை சிலிண்டருக்குள் நேராக இறக்கி, ஃபீலர் கேஜால் வாய் இடைவெளி பார்த்தோம். டூ-ஸ்ட்ரோக் பிஸ்டனில் ரிங் பள்ளத்தில் ஒரு சின்ன ஆணி இருக்கும். ரிங்கின் இரண்டு முனையும் அந்த ஆணியில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் ரிங் சுழன்று போர்ட்டில் மாட்டி உடைந்துவிடும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம். பின்னுக்கு சர்கிளிப் போடும்போது கிராங்க்கேஸ் வாயில் துணி அடைத்துக்கொள்ளவும். எங்கள் பேட்சில் ஒருவன் துணி இல்லாமல் போட, கிளிப் உள்ளே விழுந்து, ஒரு மதியம் முழுக்கக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மீன் பிடித்தோம்.

பாயிண்ட் செட் புதுசு, கண்டென்சர் புதுசு, இடைவெளி 0.40 மி.மீ. கியர் ஆயில் எஸ்.ஏ.இ. 90, முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பெட்ரோல் டேங்கைக் கழுவி, கார்பரேட்டரைச் சுத்தம் செய்தோம். பத்தாவது மிதியில் எஞ்சின் கிளம்பியது. லேபே புகையால் நிறைந்து, பக்கத்து கிளாஸ் சார் வந்து கத்தினார். எங்களுக்குக் காதே கேட்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கவில்லை என்பதால் ரோட்டில் ஓட்டக் கூடாது. எனவே அப்பா வேலை செய்யும் மில்லில் முதலாளியிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை காலியாக இருந்த நெல் காயவைக்கும் களத்தில் ஓட்டிப் பார்க்க முடிவு செய்தோம். அப்பாவும் அவரோடு வேலை செய்கிறவர்கள் நாலைந்து பேரும் பார்க்க வந்திருந்தார்கள். "எம்மவன் வண்டிய உயிர்ப்பிச்சிட்டான்" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. களத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சுமார் இருபது நிமிடம். எஞ்சின் சத்தம் கொஞ்சம் இறுகுகிற மாதிரி, மெல்லிய விசில் மாதிரி மாறியது. நான் வேகம் கூடுகிறது என்று நினைத்தேன். "க்ரீச்" என்று ஒரே சத்தம், பின் சக்கரம் பூட்டிக்கொண்டது, நான் சிமெண்ட் தரையில். முழங்கை தோல் போனது.

(டூ-ஸ்ட்ரோக் ஓட்டும்போது இடது கை விரல் இரண்டு எப்போதும் கிளட்ச் மேல் இருக்க வேண்டும். இறுகுகிற சத்தம் கேட்டவுடன் கிளட்சைப் பிடித்தால் விழ மாட்டீர்கள். இதை விழுந்த பிறகு கற்றுக்கொண்டேன்.)

கழற்றிப் பார்த்தால் அதே காட்சி. புது பிஸ்டன், எக்ஸாஸ்ட் பக்கம் நெடுக உரிந்திருந்தது. 2,150 ரூபாய் இருபது நிமிடத்தில் போயிற்று.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். எண்பது ரூபாயை மிச்சம் பிடித்ததைவிடப் பெரிய தப்பு அதற்கு அப்புறம் செய்தது. டீச்சரம்மா "என்ன தம்பி ஆச்சு?" என்று கேட்டபோது, "பிஸ்டன் டூப்ளிகேட் டீச்சரம்மா, கடைக்காரர் ஏமாத்திட்டாரு" என்று சொல்லிவிட்டேன். அந்த பாய் முகம் நினைவுக்கு வந்தது. இருந்தும் சொன்னேன். அவர் நம்பினார். "சரி, வேற வாங்கிக்கோ" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் மில்லில் 2,000 ரூபாய் முன்பணம் வாங்கி வந்து என் கையில் கொடுத்து, "அவங்க காசுல ரெண்டாவது தரம் வாங்காத" என்றார்.

லேபில் எங்கள் கைடு சார் உரிந்த பிஸ்டன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஏன் சீஸ் ஆச்சு?" என்றார்.

"பழைய வண்டி சார்."

"ரெண்டாவது பிஸ்டன் புதுசுதானே? அது ஏன்?"

"குவாலிட்டி இல்ல சார்."

"ரெண்டும் ஒரே இடத்துல, ஒரே மாதிரி உரிஞ்சிருக்கு. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி போட்ட பிஸ்டனும் டூப்ளிகேட்டா?" என்று கேட்டுவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றச் சொன்னார். பிளக் முனை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

அன்று அவர் போர்டில் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன், முதல் வருட பிசிக்ஸ்தான். சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைவிடச் சுமார் இரண்டு மடங்கு விரியும். ஒரு டிகிரிக்கு அலுமினிய பிஸ்டன் 0.000021, வார்ப்பிரும்பு சிலிண்டர் 0.000011 என்று வைத்துக்கொள்வோம். 57 மி.மீ. விட்டம். இரண்டும் 100 டிகிரி சூடேறினால் பிஸ்டன் 0.12 மி.மீ. பெருக்கும், சிலிண்டர் 0.063 மி.மீ. பெருக்கும். வித்தியாசம் 0.057. நாம் வைத்த இடைவெளி 0.10. மீதி 0.043 இருக்கிறது, வண்டி நன்றாக ஓடும். இப்போது ஏதோ காரணத்தால் பிஸ்டன் மட்டும் இன்னும் 60 டிகிரி சூடானால்? அது மேலும் 0.072 பெருக்கும். இருந்ததோ 0.043. முடிந்தது கதை! எக்ஸாஸ்ட் பக்கம்தான் எப்போதும் சூடு அதிகம், எனவே முதலில் அங்கே பிடிக்கிறது.

அந்த "ஏதோ காரணம்" என்ன என்பதுதான் கேள்வி. வெளுத்த பிளக் என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் எரிய மட்டும் வருவதில்லை. போகிற வழியில் கிராங்கையும் பிஸ்டனையும் குளிர வைப்பதும் அதுதான், ஆயிலைச் சுமந்து வருவதும் அதுதான். எனவே பெட்ரோல் குறைந்தால் சூடும் கூடும், ஆயிலும் குறையும். இரண்டு பக்கமும் அடி. ஜெட் சரியாக இருந்தும் காற்று அதிகம் என்றால், காற்று கார்பரேட்டர் வழியாக இல்லாமல் வேறு எங்கிருந்தோ வருகிறது.

டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸே ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது உறிஞ்சும், கீழே வரும்போது தள்ளும். அந்தப் பம்ப்பின் இரண்டு பக்கமும் கிராங்க் ஷாஃப்ட் வெளியே வருகிற இடத்தில் ஆயில் சீல். செயின் பக்கத்து சீல் போனால் எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சும்; வெள்ளைப் புகை விடாமல் வரும், கியர் ஆயில் குறைந்துகொண்டே போகும். இது கண்ணுக்குத் தெரியும். மேக்னட் பக்கத்து சீல் போனால் வெறும் காற்றை உறிஞ்சும். புகையும் இல்லை, ஒழுக்கும் இல்லை. வண்டி முன்னைவிட வேகமாக ஓடுகிற மாதிரிகூட இருக்கும். பிறகு சீஸ்தான்.

"சந்தேகப்படாத, அளந்து பாரு" என்றார் சார். எதால் அளப்பது? ஐந்தாறு பி.எஸ்.ஐ. காட்டுகிற கேஜ் நம் லேபில் இல்லை. டயர் கேஜில் அந்த அளவு முள்ளே நகராது. அப்போதுதான் எங்கள் தெரு நர்ஸ் அக்கா வீட்டில் இருக்கும் பி.பி. பார்க்கும் மெஷின் ஞாபகம் வந்தது. அது 300 மி.மீ. பாதரச அளவு வரை காட்டும். 250 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 5 பி.எஸ்.ஐ. ரப்பர் பல்ப், வால்வு, கேஜ் எல்லாம் அதிலேயே இருக்கிறது! "எஞ்சினுக்கு பிரஷரா?" என்று அக்கா சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

செய்முறை இதுதான். எக்ஸாஸ்ட் வாயையும் கார்பரேட்டர் வாயையும் டியூப் ரப்பர் வைத்து, மேலே இரும்புப் பட்டை வைத்து இறுக்கி அடைத்துவிட வேண்டும். ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அதில் சின்னக் குழாயை எம்-சீல் வைத்து ஒட்டி, பிளக் ஓட்டையில் மாட்ட வேண்டும். பிஸ்டனை அடியில் நிறுத்தினால் டிரான்ஸ்ஃபர் போர்ட் திறந்திருக்கும், காற்று கிராங்க்கேஸுக்கும் போகும். 250 வரை மெதுவாக அடித்து வால்வை மூட வேண்டும். 300-ஐத் தாண்டி அடிக்க வேண்டாம், சீல் தாங்காது. முள் அசையாமல் நின்றால் ஓட்டையில்லை. இறங்கினால் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும்.

எங்கள் எஞ்சினில் முள் எட்டு செகண்டில் பூஜ்யத்துக்கு வந்தது. ஹெட்டில் குமிழி இல்லை, சிலிண்டர் அடியில் இல்லை. கியர் ஆயில் ஓட்டையில் காதை வைத்தால் சத்தம் இல்லை. மேக்னட் வீலைக் கழற்றி, ஷாஃப்ட்டைச் சுற்றி சோப்புத் தண்ணீர் விட்டோம். பொங்கல் பானை மாதிரி பொங்கியது.

எண்பது ரூபாய் சீல்!

அதைக் கழற்றியபோது ரப்பர் உதடு பிளாஸ்டிக் மாதிரி இறுகியிருந்தது, நகத்தால் அழுத்தினால் மடங்கவில்லை, பொடிந்தது. ஹெட்மாஸ்டர் சார் ஓட்டிய கடைசி நாளிலேயே அது போயிருக்கிறது. அதனால்தான் அன்று வண்டி நின்றது. இருபத்தைந்து வருடமாக அந்தக் காரணம் உள்ளேயே இருந்தது. நான் காரணத்தை அப்படியே வைத்துவிட்டு, விளைவை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

மறுபடி புதுப்பேட்டை. அதே கடை. பாயிடம் நடந்ததைச் சொல்லி, "நீங்க சொன்னப்பவே வாங்கியிருக்கணும் பாய்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, சாதா ரப்பர் சீலை உள்ளே வைத்துவிட்டு வைட்டான் சீலை எடுத்துக் கொடுத்தார். விலை கூடத்தான். ஆனால் சூட்டையும் இப்போதைய பெட்ரோலையும் அது தாங்கும். இப்போதைய பெட்ரோல் என்று ஏன் சொல்கிறேன் என்றால், 2025-லிருந்து நம் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. பழைய வண்டியின் ரப்பர் சாமான்களை எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவையும் கொஞ்சம் வறண்டதாகும். தண்ணீரையும் இழுக்கும், மாதக்கணக்கில் டேங்கில் நிற்க விட்டால் அடியில் தண்ணீர் தனியாகப் பிரியும். எனவே மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டினோம், பெட்ரோல் பைப், டேப் வாஷர் எல்லாவற்றையும் மாற்றினோம். நிறுத்தி வைக்கும் முன் டேங்கைக் காலி செய்கிறோம்.

சீல் போடும்போது ஸ்பிரிங் தெரியும் பக்கம் கிராங்க்கேஸைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் ஆயில் தடவி, ஷாஃப்ட்டின் சாவிப் பள்ளம் உதட்டைக் கிழிக்காமல் மேலே மெல்லிய பிளாஸ்டிக் காகிதம் சுற்றி இறக்கினோம். சிலிண்டரை 57.6 போட்டு மூன்றாவது பிஸ்டன். பி.பி. மெஷின் மாட்டினோம். ஐந்து நிமிடத்தில் 250-லிருந்து 240. அவ்வளவுதான் இறங்கியது.

எஞ்சினைக் கிளப்பும் முன் நான் டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். உரிந்த இரண்டு பிஸ்டனையும் பொடிந்த சீலையும் கணக்கு நோட்டையும் எடுத்துப் போய் திண்ணையில் வைத்து, கடைக்காரர் ஏமாற்றவில்லை, நான்தான் சரியாகப் பார்க்கவில்லை, பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தது, சத்தம் நின்றுபோனது. டீச்சரம்மா சீலைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். "அன்னிக்கு நடுரோட்ல நின்னுபோச்சுன்னு மூணு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டு வந்தாரு. அப்புறம் எடுக்கவேயில்ல. இதுவா காரணம்?" என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைப் புரட்டினார். "அப்பா குடுத்த ரெண்டாயிரம் எங்க எழுதியிருக்க?" எழுதவில்லை என்றேன். "வரவுல எழுது" என்று பேனாவைக் கொடுத்தார். எழுதினேன். என் பொய்யைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

பெயிண்ட் விஷயத்தில் எங்கள் பேட்சுக்குள் பெரிய சண்டை. புதுசாக இரண்டு கலர் அடிக்கலாம் என்று மூன்று பேர். எனக்கும் முதலில் ஆசைதான். ஆனால் தூசியைக் கழுவி, காம்பவுண்ட் போட்டுத் தேய்த்ததும் கம்பெனி அடித்த சாம்பல் நிறம் பாதிக்கு மேல் மீண்டது. ஒரு தடவை சுரண்டிவிட்டால் 1968-ல் அடித்த பெயிண்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது. துரு பிடித்த ஃபுட்போர்டை மட்டும் அடித்தோம், மற்றதை விட்டுவிட்டோம். லெக் ஷீல்டில் குடைக்கம்பி மாட்ட சார் போட்ட கொக்கியும் அப்படியே இருக்கிறது.

பதிவு பற்றியும் ஒரு வார்த்தை. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பிரிவு கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய டூ வீலர், கார், சேசிஸோ பாடியோ எஞ்சினோ மாற்றிக் கெடுக்காமல் மூல வடிவத்தில் இருந்தால் விண்டேஜ். புதுப் பதிவு என்றால் கட்டணம் 20,000 ரூபாய், 'வி.ஏ.' எழுத்துள்ள நம்பர், பத்து வருடம் செல்லும். ஏற்கனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினசரி ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்று மட்டும்தான். ஆகவே சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் தேய்த்து மினுக்குகிறேன் என்று அழித்துவிடாதீர்கள். டீச்சரம்மா பீரோவில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்துவிட்டார். எந்த வழியில் போவது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது ஓட்டமும் அதே களத்தில்தான். ஒரு மணி நேரம், பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் நிறுத்தி ஆறவிட்டு ஓட்டினேன். லிட்டருக்கு 40 மில்லி ஆயில். இரண்டு விரல் கிளட்ச் மேல். இந்தத் தடவை அப்பா யாரையும் கூட்டி வரவில்லை. தனியாக நெல் குவியல் பக்கம் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் பிளக்கைக் கழற்றிக் காட்டினேன், காப்பிப் பொடி நிறம். "இது நல்லதா?" என்று கேட்டார். நல்லது என்றேன். பிளக்கை அவரே வாங்கி, துண்டில் துடைக்கப் போனார். துடைக்காதீங்கப்பா என்று பிடுங்கினேன். அந்தப் பிளக்கைத்தான் வைவாவில் எக்ஸ்டர்னலிடம் காட்டினோம்.

நோட்டுக் கணக்குப்படி மொத்தச் செலவு 9,840 ரூபாய். வண்டி இப்போது டீச்சரம்மா வீட்டு வராந்தாவில் நிற்கிறது, மாதம் ஒரு தரம் போய்க் கிளப்பிவிட்டு வருகிறேன். பின் பிரேக் லைனிங் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. யாருக்காவது கிடைக்கும் இடம் தெரிந்தால் சொல்லவும். நாங்கள் செய்த மேக்னட் புல்லரும், குழாய் வைத்த பிளக்கும் ஆட்டோமொபைல் லேப் பீரோவில் இரண்டாவது தட்டில் இருக்கின்றன. வேண்டியவர்கள் லேப் அண்ணனிடம் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். பி.பி. மெஷின் மட்டும் நர்ஸ் அக்காவுக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று.